லங்காஸ்டர் வம்சம் ஏன் வீழ்ந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே கேட்பவர்களுக்குத் தலை சுற்றும். ஆண்களில் பாதிப் பேருக்கு ஹென்றி, எட்வர்ட், ரிச்சர்ட் என்று மூன்றே பெயர்கள். இன்று இந்தப் பக்கம் நின்றவர் நாளை அந்தப் பக்கம். அந்த எரிச்சலோடு மாணவர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை மறுபடி சொல்லாது.

லங்காஸ்டர் வம்சம் என்பது யார்? மொத்தம் எத்தனை மன்னர்கள்?

மூன்றே பேர். நான்காம் ஹென்றி (1399–1413), அவர் மகன் ஐந்தாம் ஹென்றி (1413–1422), பேரன் ஆறாம் ஹென்றி (1422–1461, மறுபடி 1470–1471இல் சில மாதங்கள்). மூன்றாம் எட்வர்ட் மன்னரின் மகன்களில் ஒருவரான ஜான், லங்காஸ்டர் டியூக்காக (டியூக் என்பது மிக உயர்ந்த பிரபுப் பட்டம்) இருந்தார். அவர் வழியில் வந்ததால் இந்தப் பெயர். 1399இல் ஜானின் மகன் ஹென்றி, தன் பெரியப்பா மகனான மன்னர் இரண்டாம் ரிச்சர்டைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டுத் தானே முடிசூடிக்கொண்டார். வம்சம் தொடங்கியதே அப்படித்தான்.

லங்காஸ்டரும் யார்க்கும் ஒரே குடும்பம்தானே, பிறகு எதற்குச் சண்டை? யாருக்குத்தான் உரிமை அதிகம்?

சுத்தமான பங்காளிச் சண்டை. மூன்றாம் எட்வர்டின் மகன்களில் வளர்ந்து ஆளானவர்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். மூத்தவர் கறுப்பு இளவரசர் எட்வர்ட், அடுத்தவர் லயனல், மூன்றாமவர் லங்காஸ்டர் ஜான், நான்காமவர் யார்க் எட்மண்ட். மூத்தவரின் மகன் இரண்டாம் ரிச்சர்டுக்குப் பிள்ளை இல்லை. லயனலுக்கு மகள் மட்டுமே. ஆண்வழி மட்டும் என்று பார்த்தால் முடி ஜானின் வழிக்குப் போகும். பெண்வழியையும் ஏற்றுக்கொண்டால் லயனலின் மகள் பிலிப்பாவின் வழி முந்திக்கொள்ளும். அந்த வழி மார்ட்டிமர் குடும்பத்துக்குள் சென்று, பின்னாளில் முடியைக் கேட்ட யார்க் டியூக் ரிச்சர்டின் தாய் ஆனிடம் வந்து சேர்ந்தது. ஆக, தந்தை வழியில் யார்க் டியூக் ரிச்சர்ட், நான்காம் மகனின் பேரன். தாய் வழியில் இரண்டாம் மகனுடைய கொள்ளுப்பேத்தியின் மகன்.

எது சரி என்று தீர்மானிக்க அப்போது தெளிவான சட்டம் இல்லை. பெண்வழி செல்லாது என்று லங்காஸ்டர் மன்னர்கள் உரக்கச் சொல்லவும் முடியாது. பிரான்ஸ் முடிக்கு அவர்கள் உரிமை கொண்டாடியதே மூன்றாம் எட்வர்டின் தாய் இசபெல்லா வழியாகத்தான்! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த மார்ட்டிமர் உரிமை 1399இலேயே இருந்தது. யார்க் அதை வாய்விட்டுக் கேட்டது 1460இல். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் என்ன ஆனது என்பதில்தான் லங்காஸ்டர் வீழ்ச்சியின் காரணம் இருக்கிறது.

யார்க்‌ஷயர்காரர்களும் லங்காஷயர்காரர்களும் ஆளுக்கொரு ரோஜாவைக் குத்திக்கொண்டு மோதிய 'ரோஜாப் போர்கள்'தானே இது?

இல்லை. யார்க், லங்காஸ்டர் இரண்டும் குடும்பப் பட்டங்கள். யார்க் டியூக்கின் நிலங்களும் ஆட்பலமும் பெருமளவு வேல்ஸ் எல்லைப் பக்கம் இருந்தன. யார்க் நகரமோ பெரும்பாலும் லங்காஸ்டர் பக்கம் சாய்ந்திருந்தது. யார்க் டியூக்கின் தலையை வெட்டிக் காட்சிக்கு வைத்தது அந்த நகரத்தின் கோட்டை வாசலில்தான்.

வெள்ளை ரோஜா யார்க் குடும்பத்தின் பல சின்னங்களில் ஒன்று. சிவப்பு ரோஜாவைப் பெரிதாக்கியவர்கள் பிறகு ஆட்சிக்கு வந்த டியூடர் வம்சத்தார். இரண்டையும் இணைத்துத் தங்கள் சின்னமாகக் காட்டிக்கொள்ள அது அவர்களுக்கு வசதியாக இருந்தது. ஆனால் போர்க்களத்தில் ஆட்கள் அணிந்த சின்னங்களை அலட்சியமாக நினைத்துவிட வேண்டாம். 1471இல் ஒரு சின்னக் குழப்பம் எவ்வளவு பெரிய சேதத்தை உண்டாக்கியது என்று பின்னால் வரும்.

ஐந்தாம் ஹென்றி எவ்வளவு பெரிய வீரர்! அவர் மகன் காலத்திலேயே எல்லாம் எப்படிப் போயிற்று?

அந்த வீரமே பாதிச் சிக்கல். 1415இல் பிரெஞ்சுப் படைக்கு எதிராக அஜின்கோர்ட் வெற்றி, 1420இல் ட்ருவா ஒப்பந்தம்: பிரான்ஸ் மன்னரின் மகளை மணந்து அந்த நாட்டின் முடிக்கும் ஐந்தாம் ஹென்றி வாரிசானார். இரண்டே ஆண்டுகளில், 1422 ஆகஸ்ட் 31 அன்று, போர்முனையில் நோய் கண்டு இறந்தார். ஒன்பது மாதக் குழந்தை இங்கிலாந்தின் மன்னரானது. சில வாரங்களில் தாய்வழித் தாத்தாவும் இறக்க, பிரான்ஸ் முடியும் அதன் தலையில் விழுந்தது. முழு பிரான்ஸையும் பிடிக்கும் வலிமை இங்கிலாந்துக்கு என்றுமே இருந்ததில்லை. பிரான்ஸின் பெரிய பிரபுவான பர்கண்டி டியூக்கின் நட்பு இருந்தவரை வண்டி ஓடியது. 1435இல் அந்த நட்பு முறிந்தது. பிரான்ஸில் ஆட்சியைத் தாங்கிக்கொண்டிருந்த சித்தப்பா பெட்ஃபோர்டு டியூக்கும் அதே ஆண்டு இறந்தார்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. மன்னர் குழந்தையாக இருந்த பதினைந்து ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் வரவில்லை. பிரபுக்கள் தங்களுக்குள் உறுமினாலும், குழந்தை வளரும்வரை நாட்டைக் கட்டிக்காக்க வேண்டும் என்ற பொறுப்போடு ஒரு குழுவாக அமர்ந்து ஆண்டார்கள். அவர் வளர்ந்து பொறுப்பை ஏற்ற பிறகுதான் எல்லாம் கெடத் தொடங்கியது.

ஆறாம் ஹென்றி நல்லவர், பக்திமான் என்கிறார்களே. நல்லவர் ஆண்டால் நாடு கெடுமா?

நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1440இல் ஈட்டன் பள்ளியையும் 1441இல் கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியையும் நிறுவியவர். சிக்கல் என்னவென்றால், அந்தக் காலத்து இங்கிலாந்தில் நிரந்தரப் படையோ போலீஸோ கிடையாது. பெரிய பிரபுக்களிடம் ஆட்பலம் இருந்தது. அவர்களுக்குள் வழக்கு வந்தால் பயமும் மதிப்பும் கலந்து கேட்கும்படி தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் மன்னர். பதவியையும் நிலத்தையும் யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று அளந்து கொடுக்க வேண்டியவரும் அவரே. இந்த மன்னரிடம் கடைசியாக வந்து கேட்டவருக்கு, கேட்டது கிடைத்தது.

ஓர் எடுத்துக்காட்டு போதும். கார்ன்வால் பகுதி அரச நிலங்களின் மேலாளர் பதவி பான்வில் என்பவரிடம் இருந்தது. 1441இல் ஏறக்குறைய அதே பதவியை அவருடைய பரம எதிரியான டெவன் ஏர்லுக்கும் (ஏர்ல் என்பது டியூக்குக்குக் கீழுள்ள பிரபுப் பட்டம்) மன்னர் எழுதிக் கொடுத்துவிட்டார். யார் வாங்கிய கடிதம் செல்லும்? மேற்கு மாவட்டங்களில் ஆண்டுக்கணக்கில் அடிதடி நடந்தது. எவரையும் புண்படுத்த மனமில்லாத மன்னர் இரண்டு குடும்பங்களின் கையிலும் கத்தியைக் கொடுத்துவிட்டார்.

பிரான்ஸை இழந்ததற்கும் உள்நாட்டுச் சண்டைக்கும் என்ன சம்பந்தம்? அது வெளிநாட்டு விவகாரம்தானே?

அன்றைய ஆங்கிலப் பிரபுக்களுக்கு அது வெளிநாடு இல்லை. பிரான்ஸின் நார்மண்டியில் அவர்களுக்கு நிலம், பதவி, சம்பளம் எல்லாம் இருந்தன. 1444இல் போர்நிறுத்தம் செய்து, 1445இல் பிரான்ஸின் ஆன்ஜூ பிரபுக் குடும்பத்துப் பெண் மார்கரெட்டை மன்னர் மணந்தார். சீதனம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வரவில்லை. மாறாக, மெய்ன் பகுதியைப் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திருப்பித் தருவதாக மன்னர் ரகசியமாக ஒப்புக்கொண்டது பின்னர் வெளியே வந்தது. 1448இல் அதைக் கொடுத்தும் ஆயிற்று. அடுத்த ஆண்டு பிரெஞ்சுப் படை நார்மண்டிக்குள் புகுந்தது. 1450இல் நார்மண்டி முழுவதும் போனது. 1453இல் காஸ்டில்லோன் போரோடு, முந்நூறு ஆண்டுகளாக ஆங்கில மன்னர்களிடம் இருந்த காஸ்கனியும் போனது. மிஞ்சியது கலே துறைமுகம்.

தோற்றால் யாராவது பொறுப்பேற்க வேண்டும். மன்னரைக் குறை சொல்ல முடியாது, அது ராஜத்துரோகம். எனவே பழி அவருடைய முதன்மை ஆலோசகர் சஃபோக் டியூக்கின்மேல் விழுந்தது. 1450இல் நாடாளுமன்றம் அவர்மேல் குற்றம் சாட்டியது. காப்பாற்றும் எண்ணத்தில் மன்னர் அவரை நாடு கடத்தினார். கப்பலை வழிமறித்த மாலுமிகள் அவர் தலையை வெட்டி, உடலை டோவர் கடற்கரையில் போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த சில வாரங்களில் கென்ட் மக்கள் ஜாக் கேட் தலைமையில் லண்டனுக்குள் புகுந்து அரசின் பொருளாளரையும் கொன்றார்கள். 'மன்னரைச் சுற்றியிருக்கும் துரோகிகள்' என்பதுதான் அப்போது எல்லார் வாயிலும் இருந்த பேச்சு.

பணம் இல்லாமல் போனதும் ஒரு காரணமா?

ஆம், பெரிய காரணம். 1433இல் அரசின் கடன் ஏறத்தாழ 1,68,000 பவுண்ட். 1449இல் அது 3,72,000 பவுண்ட். அரண்மனைச் செலவுக்கு மட்டும் ஆண்டுக்கு 24,000 பவுண்ட் போகிறது, அதற்கென்று வரும் வருவாயோ 5,000தான் என்று நாடாளுமன்றத்தில் முறையிட்டார்கள். முன்பு சொன்ன தாராளக் கொடையால் அரச நிலங்கள் கரைந்திருந்தன.

யாருக்குப் பாக்கி வைத்தார்கள் என்பது இன்னும் முக்கியம். பிரான்ஸில் படை நடத்திய செலவில் யார்க் டியூக்குக்கு மட்டும் 38,000 பவுண்டுக்கு மேல் வரவேண்டியிருந்தது. அவர் சொந்தப் பொருள்களை அடகு வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவருடைய பதவியைப் பெற்று நார்மண்டியைப் பறிகொடுத்த சாமர்செட் டியூக் அரண்மனையில் செல்லப்பிள்ளையாக வலம் வந்தார்.

மன்னருக்குப் பைத்தியம் பிடித்தது என்பது உண்மையா, எதிரிகள் கட்டிய கதையா?

மன்னர் செயலிழந்தது உண்மை. நோய்க்குப் பெயர் சூட்டுவதில்தான் கருத்து வேறுபாடுகள். 1453 ஆகஸ்டில், காஸ்டில்லோன் தோல்விச் செய்தி வந்த காலத்தையொட்டி, ஆறாம் ஹென்றி திடீரென்று பேச்சும் அசைவும் அற்றுப்போனார். அவருடைய தாய்வழித் தாத்தா, பிரான்ஸின் ஆறாம் சார்லஸுக்கும் நெடுங்கால மனநோய் இருந்தது. அக்டோபரில் ராணி ஆண் குழந்தை பெற்றார். ஜனவரியில் குழந்தையை விண்ட்சருக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். முதலில் பக்கிங்ஹாம் டியூக் நீட்டினார், பிறகு ராணியே ஏந்தி நின்று ஆசீர்வதிக்கும்படி வேண்டினார். மன்னர் ஒருமுறை குழந்தையைப் பார்த்துவிட்டுக் கண்களைத் தாழ்த்திக்கொண்டார். அவ்வளவுதான். அக்காலக் கடிதம் ஒன்று இதைப் பதிவு செய்திருக்கிறது.

1454 கிறிஸ்துமஸை ஒட்டி நினைவு திரும்பியது. மகனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டார். எட்வர்ட் என்றதும் கைகளைக் கூப்பிக் கடவுளுக்கு நன்றி சொன்னார். பதினாறு மாதங்கள் நாட்டில் நடந்த எதுவும் அவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகும் அவர் பழைய நிலைக்கு முழுமையாக வரவில்லை என்றே தோன்றுகிறது.

யார்க் டியூக் ஆரம்பத்திலிருந்தே சிம்மாசனத்தைக் குறிவைத்தவர்தானே?

இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பல ஆண்டுகள் பிரான்ஸிலும் அயர்லாந்திலும் மன்னருக்காக வேலை செய்தவர் அவர். 1450இல் அயர்லாந்திலிருந்து திரும்பியபோதும், 1452இல் படையோடு வந்தபோதும் அவர் கேட்டது சாமர்செட்டின் பதவி நீக்கம். 1454இல் மன்னர் நினைவின்றி இருந்தபோது நாட்டின் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். முடியைத் தொட அதைவிட நல்ல வாய்ப்பு ஏது? தொடவில்லை.

ஆனால் கௌரவம் பார்ப்பதில் மன்னிக்கவே தெரியாதவர். மன்னர் குணமானதும், இடையில் சிறைப்பட்டிருந்த சாமர்செட் வெளியே வந்து மீண்டும் பழைய இடத்தில் அமர்ந்தார். யார்க் வெளியே தள்ளப்பட்டார். அவர் வாளை எடுத்தது அப்போது.

மன்னருக்கும் டியூக்குக்கும் தகராறு என்றால் மற்றவர்கள் ஏன் குதித்தார்கள்?

ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்தப் பகை இருந்தது. வடக்கில் பெர்சி குடும்பமும் நெவில் குடும்பமும் ஜென்ம வைரிகள். 1453 ஆகஸ்டில் ஹெவர்த் என்ற இடத்தில், நெவில் வீட்டுத் திருமண ஊர்வலத்தைப் பெர்சி ஆட்கள் மறித்தார்கள். மன்னர் நினைவிழந்த அதே மாதம். தீர்த்துவைக்க ஆள் இல்லை. நெவில் குடும்பத்துத் தலைவரான சாலிஸ்பரி ஏர்லும் அவர் மகன் வாரிக் ஏர்லும் யார்க்கோடு சேர்ந்தார்கள். பெர்சிகள் அரசவைப் பக்கம் போனார்கள்.

1455 மே 22 அன்று செயின்ட் ஆல்பன்ஸ் தெருக்களில் நடந்த முதல் மோதலைப் பாருங்கள். மொத்தம் செத்தவர்கள் அதிகமில்லை. ஆனால் யார் செத்தார்கள்? யார்க்கின் எதிரி சாமர்செட். நெவில்களின் எதிரி பெர்சி குடும்பத் தலைவரான நார்தம்பர்லாந்து ஏர்ல். அவர் கூட்டாளி கிளிஃபோர்டு. குறிவைத்துக் கணக்குத் தீர்த்தார்கள். கழுத்தில் அம்பு கீறிய மன்னரின் முன் யார்க் மண்டியிட்டு விசுவாசம் தெரிவித்தார்.

அதோடு சமாதானமாகப் போயிருக்கக் கூடாதா?

முயன்றார்கள். 1458 மார்ச் 25 அன்று லண்டனில் மன்னர் ஒரு 'அன்பு நாள்' நடத்தினார். முடி தரித்த மன்னர் நடக்க, கொல்லப்பட்ட சாமர்செட்டின் மகனும் சாலிஸ்பரியும் சேர்ந்து, ராணி மார்கரெட்டும் யார்க்கும் கைகோத்து, செயின்ட் பால் தேவாலயத்துக்கு ஊர்வலம் போனார்கள். இறந்தவர்களுக்காகப் பூசை வைக்கவும் குடும்பங்களுக்கு ஈடு கொடுக்கவும் யார்க் தரப்பு ஒப்புக்கொண்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் தகப்பனைப் பறிகொடுத்த இளைஞர்கள் ஊர்வலம் முடிந்ததும் பகையை மறந்துவிடுவார்கள் என்று நம்பியது, மன்னரின் வழக்கமான வெள்ளை மனம். பதினெட்டு மாதங்களில் மறுபடி போர்.

எல்லாவற்றுக்கும் காரணம் ராணி மார்கரெட்தான் என்று படித்தேனே?

நாடகங்களிலும் பழைய புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கும். வேக்ஃபீல்டு களத்தில் அவரே நின்று யார்க்கைக் கேலி செய்து கொன்றதாக மேடையில் காட்டுவார்கள். அந்த நாளில் அவர் ஸ்காட்லாந்தில் இருந்தார். கணவர் செயலிழந்து, கைக்குழந்தையின் உரிமைக்கு ஆபத்து வந்தபோது வேறு யாரும் செய்யாததை அவர் செய்தார். அதே வேலையை ஓர் ஆண் செய்திருந்தால் உறுதி என்று எழுதியிருப்பார்கள்.

தவறுகள் செய்யவில்லையா? செய்தார், இரண்டு பெரிய தவறுகள். 1456 முதல் அரசவையைக் கவென்ட்ரி பக்கம் நகர்த்தியதால் லண்டனின் நம்பிக்கை போனது. 1459இல் யார்க் தரப்பு சிதறி ஓடியதும், கவென்ட்ரியில் கூடிய நாடாளுமன்றம் அவர்களைத் துரோகிகள் என்று அறிவித்து, வாரிசுகளுக்கும் சேர்த்துச் சொத்துரிமையைப் பறித்தது. அதுவரை மன்னிப்புக் கேட்டுத் திரும்பிவரும் கதவு ஒன்று இருந்தது. அதை அடைத்துவிட்டார்கள். இனி மன்னரையே மாற்றினாலொழிய யார்க்கின் பிள்ளைகளுக்குப் பிடி மண்ணும் மிஞ்சாது.

அப்படியென்றால் 1460இல் யார்க் நேராகப் போய் உட்கார்ந்துவிட்டாரா?

உட்காரப் பார்த்தார். அந்த ஜூலையில் வாரிக் நார்தாம்ப்டனில் வென்று மன்னரைக் கைப்பற்றியிருந்தார். அக்டோபரில் யார்க் அயர்லாந்திலிருந்து வந்து வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குள் நடந்து, காலியான சிம்மாசனத்தின்மேல் கையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வாழ்த்தொலி எழும் என்று எதிர்பார்த்திருப்பார். யாரும் வாய் திறக்கவில்லை. கான்டர்பரி பேராயர் மெல்ல வந்து, மன்னரைப் பார்க்க விரும்புகிறீர்களா என்று கேட்டார். வாரிக்குக்கே அதிர்ச்சி.

லங்காஸ்டர் வீழ்ச்சி வெறும் உரிமைப் பிரச்சினை என்பவர்களுக்கு இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். பத்தாண்டுத் தோல்விக்கும் கடனுக்கும் பிறகும், யார்க்கின் சொந்த ஆட்களே ஆறாம் ஹென்றியை இறக்கத் தயங்கினார்கள். கடைசியில் ஓர் உடன்பாடு: ஹென்றி உயிரோடு உள்ளவரை மன்னர், அவருக்குப் பின் யார்க்கும் அவர் பிள்ளைகளும். பெற்ற மகனின் உரிமையை மன்னரே எழுதிக் கொடுத்துவிட்டார். மார்கரெட் ஏற்பாரா?

டிசம்பரில் யார்க் செத்துவிட்டார், மன்னரும் மீட்கப்பட்டார். பிறகும் லங்காஸ்டர் எப்படித் தோற்றது?

1460 டிசம்பர் 30, வேக்ஃபீல்டு: யார்க்கும் அவருடைய பதினேழு வயது மகன் ரட்லண்டும் கொல்லப்பட்டார்கள், யார்க்கின் தலைக்குக் காகித முடி சூட்டி மாட்டினார்கள். 1461 பிப்ரவரி 17, இரண்டாம் செயின்ட் ஆல்பன்ஸ்: வாரிக் தோற்று ஓட, ஒரு மரத்தடியில் மன்னர் கிடைத்தார். லண்டன் ஒரு நாள் நடைதூரம். ஆட்டம் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

லண்டன் கதவைத் திறக்கவில்லை. வடக்கிலிருந்து வந்த படை வழியெல்லாம் கொள்ளையடித்துக்கொண்டு வருகிறது என்ற செய்தி முன்கூட்டியே வந்துவிட்டது. சம்பளம் கொடுக்க முடியாத படை வேறெப்படி வரும்? படைக்கு அனுப்பப் பார்த்த உணவு வண்டிகளையே நகரத்து மக்கள் மறித்தார்கள். மார்கரெட் காத்திருந்துவிட்டு வடக்கே திரும்பினார். அந்த இடைவெளியில், யார்க்கின் மூத்த மகன், பதினெட்டு வயது எட்வர்ட், லண்டனுக்குள் நுழைந்து மார்ச் 4 அன்று நான்காம் எட்வர்ட் என்று அறிவிக்கப்பட்டார். யார்க் தரப்பின் கையில் இப்போது மன்னர் இல்லை. ஆகவே ஒரு மன்னரை உண்டாக்க வேண்டியதாயிற்று.

மார்ச் 29, குருத்து ஞாயிறு, டவுட்டன். பனி பெய்துகொண்டிருந்தது. காற்று லங்காஸ்டர் படையின் முகத்தில் அடித்தது. யார்க் வில்லாளிகள் காற்றின் போக்கில் எய்துவிட்டுப் பின்வாங்க, பதிலுக்கு எய்த லங்காஸ்டர் அம்புகள் எட்டாமல் பனியில் குத்தி நின்றன. அதையே பிடுங்கித் திருப்பி எய்தார்கள். பிறகு நாள் முழுக்கக் கைகலப்பு. மாலையில் லங்காஸ்டர் படை உடைந்தது. மன்னர், ராணி, இளவரசர் மூவரும் ஸ்காட்லாந்துக்கு ஓடினார்கள்.

டவுட்டனில் 28,000 பேர் செத்தார்களாமே?

அந்த எண் அன்றைய கடிதங்களில் இருக்கிறது. ஆனால் வென்றவர்கள் பரப்பிய கணக்கு அது. இன்றைய ஆய்வாளர்களில் பலர் அவ்வளவு இருக்காது என்கிறார்கள். கொடூரத்தில் சந்தேகமில்லை. 1996இல் அங்கே கட்டட வேலையின்போது கிடைத்த புதைகுழியில் இருந்த எலும்புக்கூடுகளில் பெரும்பாலானவற்றின் மண்டையோட்டில் பல வெட்டுகள் இருந்தன.

தோற்றுப்போன ஹென்றி 1470இல் எப்படித் திரும்ப வந்தார்?

அவராக வரவில்லை, கொண்டுவரப்பட்டார். 1465இல் பிடிபட்டு லண்டன் கோபுரத்தில் அடைபட்டிருந்தார். வெளியே, நான்காம் எட்வர்டும் அவரை அரியணையில் ஏற்றிய வாரிக்கும் முறைத்துக்கொண்டார்கள். எட்வர்ட் 1464இல் எலிசபெத் உட்வில் என்ற விதவையை யாருக்கும் சொல்லாமல் மணந்ததும், அவளுடைய உறவினர்கள் மேலே வந்ததும், வெளியுறவில் வாரிக்கின் பேச்சு எடுபடாமல் போனதும் காரணம். வாரிக் பிரான்ஸுக்குப் போய், பத்தாண்டு எதிரியான மார்கரெட்டின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார். தன் மகள் ஆனை இளவரசருக்குக் கொடுத்துச் சம்பந்தி ஆனார். 1470 அக்டோபரில் ஹென்றி மறுபடி மன்னர். எட்வர்ட் பர்கண்டிக்கு ஓட்டம்.

இரண்டாவது வாய்ப்பும் ஏன் ஆறே மாதத்தில் போனது?

வாரிக்குக்கு உதவிய பிரெஞ்சு மன்னர் பதினொன்றாம் லூயி கேட்ட விலை, பர்கண்டியோடு போர். வாரிக் அதைத் தொடங்கியதும், அதுவரை பட்டும்படாமலும் இருந்த பர்கண்டி டியூக், மைத்துனரான எட்வர்டுக்குக் கப்பலும் பணமும் கொடுத்தார். 1471 மார்ச்சில் எட்வர்ட் இறங்கிய இடம் ரேவன்ஸ்பர். என் தந்தையின் டியூக் பட்டம் மட்டும் போதும் என்று சொல்லிக்கொண்டே முன்னேறினார். 1399இல் முதல் லங்காஸ்டர் மன்னர் இறங்கியதும் அதே இடம், சொன்னதும் அதே பொய்!

லண்டனில், மக்களுக்கு மன்னரைக் காட்டினால் உற்சாகம் வரும் என்று ஹென்றியைக் குதிரையில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். பழைய நீல அங்கி ஒன்றை அணிந்திருந்தார். மாற்றுடையே இல்லாதவர் போல என்று ஒரு லண்டன்வாசி எழுதிவைத்தார். இரண்டு நாள் கழித்து எட்வர்ட் நகருக்குள் வந்துவிட்டார். ஏப்ரல் 14 அன்று பார்னெட்டில் அடர்ந்த மூடுபனி. ஆக்ஸ்ஃபோர்டு ஏர்லின் ஆட்கள் அணிந்த நட்சத்திரச் சின்னம் எட்வர்டின் கதிரவன் சின்னம் போலத் தெரிய, வாரிக்கின் பக்கத்தவர்களே அவர்கள்மேல் அம்பு விட்டார்கள். 'துரோகம்' என்ற கூச்சல் எழுந்தது. பழைய லங்காஸ்டர்காரர்களும் நேற்றுவரை எதிரிகளாக இருந்த வாரிக் ஆட்களும் ஒருவரை ஒருவர் நம்பாத படை அது. அந்தக் கூச்சல் போதுமானதாக இருந்தது. வாரிக் களத்திலேயே செத்தார்.

அதே நாளில்தான் மார்கரெட் மகனோடு வெய்மத்தில் கரை இறங்கினார். வேல்ஸ் பக்கம் போய்ச் சேர முயன்றார். குளோஸ்டர் நகரம் கதவை அடைத்தது. மே 4, டியூக்ஸ்பரியில் பதினேழு வயது இளவரசர் கொல்லப்பட்டார்.

ஆறாம் ஹென்றியைக் கொன்றது யார்?

இளவரசர் இருந்தவரை ஹென்றியைக் கொல்வதில் லாபமில்லை. கொன்றால் சுறுசுறுப்பான இளைஞர் ஒருவர் மன்னராகிவிடுவார். இளவரசர் போன பிறகு அந்தத் தடை நீங்கியது. எட்வர்ட் லண்டன் திரும்பிய 1471 மே 21 இரவு, ஹென்றி கோபுரத்தில் இறந்தார். துக்கத்தால் இறந்தார் என்றது எட்வர்ட் தரப்பு. நம்பியவர்கள் சிலர் இருந்திருக்கலாம். 1910இல் கல்லறையைத் திறந்து பார்த்தபோது, மண்டையோட்டில் ஒட்டியிருந்த முடி ஓரிடத்தில் ரத்தம் தோய்ந்ததுபோல் கறுத்துச் சடைபிடித்திருந்தது. கை யாருடையது என்பது தெரியவில்லை. உத்தரவு எட்வர்டுடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. பார்னெட்டுக்கு முன், உன் கையில் என் உயிருக்கு ஆபத்தில்லை என்று நம்புகிறேன் என ஹென்றி அவரிடம் சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு.

1399இல் அபகரித்ததற்கான தண்டனை என்று சொல்லலாமா?

யார்க் தரப்பு அப்படித்தான் பிரசாரம் செய்தது. தண்டனை என்றால் ஏன் அறுபது ஆண்டு தாமதம்? நான்காம் ஹென்றிக்கு எதிராக 1403லும் 1405லும் கிளர்ச்சிகள் நடந்தன. 1415இல் அவர் மகனுக்கு எதிரான ஒரு சதி பிடிபட்டு, யார்க் டியூக்கின் தந்தையே தலை வெட்டப்பட்டார். அந்த இரண்டு மன்னர்களும் அவற்றைச் சமாளித்தார்கள். 1399இன் உண்மையான பாதிப்பு வேறு: தகுதியில்லாத மன்னரை இறக்கலாம் என்பதற்கு அது முன்மாதிரி ஆகிவிட்டது. வலுவான மன்னர் இருந்தவரை அதை யாரும் நினைவுபடுத்தவில்லை.

1485இல் யார்க் மன்னரைத் தோற்கடித்து முடிசூடிய ஹென்றி டியூடர் லங்காஸ்டர்தானே? அப்படியானால் கடைசி வெற்றி அவர்களுக்குத்தானே?

ரத்தத்தைப் பார்த்தால் மெல்லிய நூல். டியூடரின் தாய் மார்கரெட் போஃபோர்ட், ஜானுக்கும் கேத்தரின் ஸ்வின்ஃபோர்டுக்கும் திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளைகளின் வழி. 1397இல் அவர்களைச் சட்டப்படியான பிள்ளைகளாக அறிவித்தார்கள்; 1407இல் நான்காம் ஹென்றியே, அரச முடிக்கு மட்டும் உரிமை இல்லை என்று சேர்த்துவிட்டார். ஜானின் மகள் பிலிப்பா போர்ச்சுகல் மன்னரை மணந்தவர். அந்த அரச குடும்பத்தின் உரிமை டியூடருடையதைவிடத் திடமானது. டியூடர் நிலைத்ததற்கு யார்க் குடும்பத்தின் சொந்தச் சண்டைகளும், நான்காம் எட்வர்டின் மகளை அவர் மணந்துகொண்டதும் பெரிய காரணங்கள்.

லங்காஸ்டர் பெயரில் இன்றும் மிஞ்சியிருப்பது நிலம். முடி எப்போது கைவிட்டுப் போகுமோ என்ற எச்சரிக்கையில், 1399இல் நான்காம் ஹென்றி தன் குடும்பச் சொத்துகளை அரசுச் சொத்தோடு சேர்க்காமல் தனியே எழுதிவைத்தார். 1461இல் நான்காம் எட்வர்ட் அதைப் பறித்தபோதும் கலைக்காமல் அப்படியே தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். லங்காஸ்டர் டச்சி என்ற அந்தச் சொத்து இன்றைய பிரிட்டிஷ் மன்னரிடம் இருக்கிறது; அதன் வருவாய் இன்றும் அவருக்கே போகிறது.